சிவப்பு நூல் கட்டிய பென் டிரைவ்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் 23 வருடங்களாக இருக்கிறேன். இத்தனை வருடத்தில் என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான்: "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?" விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் கேட்பார்கள். அதைவிடப் பழைய விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருப்பவர்கள் இன்னும் அழுத்திக் கேட்பார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கும் வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. அதனால் இப்போது பாதி ஊர் கேட்கிறது.

நியாயமான கேள்வி. பெட்டி ஓடுகிறது, பிரிண்ட் வருகிறது, பில் போடுகிறது. அப்படியிருக்க, கையிலிருக்கும் காசை ஏன் அதில் போட வேண்டும்?

எங்கள் பகுதியில் ஒரு டிடிபி சென்டர் அண்ணாச்சி இருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவரிடம்தான். எக்ஸ்பி போட்ட மெஷின், அதில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர், எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோடு முறை வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள். "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கும் பத்திரிகை மட்டும் ஆயிரக்கணக்கில் இருக்கும். மூத்த மகளுக்கு அடித்த பத்திரிகையை எடுத்து, பெயரும் தேதியும் மாற்றி இளையவளுக்கு அடித்துக் கொடுப்பார். அந்த ஃபைலைப் புது மெஷினில் திறந்தால் தமிழ் வராது, கோணல் மாணலாக ஏதோ குறிகள் வரும். அவரிடம் போய் "எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள் அண்ணாச்சி" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது அவருடைய 20 வருட உழைப்பு.

ஆனால் ஒன்றைச் சொன்னேன், உங்களுக்கும் அதையே சொல்கிறேன். பழைய மெஷினை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே மட்டும் அனுப்பாதீர்கள். வெளியே என்றால் இன்டர்நெட்.

காரணம் எளிது. ஒரு பூட்டுக் கம்பெனி, தான் விற்ற பூட்டில் ஒரு குறை இருப்பதைக் கண்டுபிடிக்கிறது என்று வையுங்கள். புதிய பூட்டு வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் ஆள் அனுப்பிச் சரிசெய்து கொடுக்கிறது. அந்தக் குறை எது என்று அப்போதுதான் திருடனுக்கும் தெரிய வருகிறது. பழைய பூட்டிலும் அதே குறை உண்டு, அங்கே மட்டும் ஆள் வருவதில்லை. அப்டேட் நின்றுபோன விண்டோஸின் நிலைமை இதுதான். நாள் ஆக ஆக அதன் ஓட்டைகள் ஊரறிந்த விஷயமாகின்றன. ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறேனே என்பார்கள். நல்லது, போடுங்கள். அது வாசலில் நிற்கும் காவலாள் மாதிரி. சுவரிலிருக்கும் ஓட்டையை அதனால் அடைக்க முடியாது.

2017 மே 12, ஒரு வெள்ளிக்கிழமை. வான்னாக்ரை என்ற வைரஸ் கிளம்பியது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளின் கம்ப்யூட்டர்கள் முடங்கி, அறுவை சிகிச்சைகள் தள்ளிப் போயின. 150 நாடுகளில் அடி. யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை. ஃபைல்களைப் பகிர்ந்துகொள்வதற்கான பழைய வசதியிலிருந்த ஓட்டை வழியாக ஒரு மெஷினிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே தாவியது. பெரும்பாலும் மாட்டியது எக்ஸ்பி என்று நினைப்போம். விண்டோஸ் 7-தான் அதிகம் மாட்டியது. அதற்கான அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது, போடாமல் விட்டிருந்தார்கள். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-லேயே ஆதரவு முடிந்துவிட்டது. இருந்தும், தாக்குதல் வந்த கையோடு மைக்ரோசாஃப்ட் அதற்கும் அவசரமாக ஒரு அப்டேட் கொடுத்தது. ஒரு மெஷினை வேறு இடத்திலிருந்து இயக்க உதவும் வசதி ரிமோட் டெஸ்க்டாப். அதிலிருந்த ஓட்டைக்கும் 2019 மே மாதம் அதேபோலக் கொடுத்தது. பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டையும் கட்டாயம் போட்டுவிடுங்கள். அதோடு கதை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள், அதற்குப் பிறகு வந்த ஓட்டைகள் எவ்வளவோ.

சரி, அண்ணாச்சி கடைக்கு வருவோம். அங்கே இன்டர்நெட் பிரச்சினை இல்லை. பிரச்சினை பென் டிரைவ். மாப்பிள்ளை வீட்டார் போட்டோ கொண்டு வருவார்கள். பென் டிரைவைச் செருகினால் உள்ளே ஃபோல்டர் எதுவும் இருக்காது, எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும், மூலையில் ஒரு சின்ன அம்புக்குறியோடு. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதை டபுள் கிளிக் செய்தால் போட்டோவும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும். அதனால்தான் அது யாருக்கும் தெரியாமலே பரவுகிறது. ஒரு ஆவணி மாதம், முகூர்த்த வேலை குவிந்திருந்த நேரத்தில் கடையிலிருந்த இரண்டு மெஷினும் ஒன்றாகப் படுத்துவிட்டன.

அன்றைக்குச் செய்த ஏற்பாடு இது. கடை முன்பக்கம் செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன மெஷின் வாங்கி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டோம். மெயில், வாட்ஸ்அப், வாடிக்கையாளர் பென் டிரைவ் எல்லாம் அதில்தான். போட்டோவை மட்டும் எடுத்து, ஒரு தனிப் பென் டிரைவில் போட்டு, உள்ளே பழைய மெஷினுக்குக் கொண்டு போக வேண்டும். அந்தப் பென் டிரைவில் அண்ணாச்சியின் சம்சாரம் சிவப்பு நூல் கட்டி வைத்தார். சிவப்பு நூல் இல்லாத எதுவும் உள்ளே போகாது. வேலைக்கு வரும் பையனுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை, நூல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இதுவும் முழுப் பாதுகாப்பு ஆகாது. ஆனாலும் நான் பார்த்தவரை, அதற்குப் பிறகு உள்ளே ஷார்ட்கட் வைரஸ் வரவில்லை.

இன்னொன்றும் செய்தோம். ஃபைல் பெயரின் வால் தெரியும்படி செட்டிங்கை மாற்றினோம். வால் மறைந்திருந்தால் போட்டோ என்று பெயர் தெரியும், கடைசியில் இருக்கும் இ-எக்ஸ்-இ தெரியாது. அந்த வால் இருந்தால் அது போட்டோ இல்லை, ஓடக்கூடிய புரோகிராம்.

அடுத்து பேக்கப், அதாவது ஃபைல்களுக்கு இன்னொரு நகல் எடுத்து வைப்பது. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு அரிசி மில். கணக்கெல்லாம் விண்டோஸ் 7-ல். கணக்குப்பிள்ளை வீட்டிலிருந்தே வேலை பார்க்கட்டும் என்று ரிமோட் டெஸ்க்டாப்பை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை எனக்குப் போன். போய்ப் பார்த்தால் ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருக்கின்றன. டெஸ்க்டாப்பில் பணம் கேட்டு ஒரு கடிதம். "பேக்கப் இருக்கு சார்" என்றார் முதலாளி, நிம்மதியாக. மெஷினுக்குப் பின்னால் கையைக் காட்டினார். வெளி ஹார்டு டிஸ்க் அங்கேதான் இருந்தது, செருகியபடியே. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைந்தவர்கள் அதையும் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நெல் கொடுத்தவர்களுக்குத் தர வேண்டிய பாக்கியைப் பேப்பர் சீட்டுகளை வைத்துத் திரும்ப எழுதினார்கள். இரண்டு மாதம் ஆனது.

ஆகவே, பேக்கப் எடுத்தவுடன் கழற்றுங்கள். கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே இருக்கும் டிஸ்க் பேக்கப் கணக்கில் சேராது. முடிந்தால் இரண்டு டிஸ்க், வாரம் மாற்றி வாரம். மாதம் ஒரு தடவை அதிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்தும் பாருங்கள்.

இன்டர்நெட் இல்லாமல் முடியாது என்றால்? அந்த மெஷினில் பேங்க் வேலை மட்டும் வேண்டாம், போனில் பாருங்கள். அந்தப் போனுக்கும் அப்டேட் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7-ல் குரோம் பிரவுசர் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, அதை நம்பி பாஸ்வேர்டு போடாதீர்கள். ஏடிஎம் மெஷின்களிலேயே எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்து, 2019 ஜூனுக்குள் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லி 2018-ல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட வேண்டியிருந்தது. ரிமோட் டெஸ்க்டாப் தேவையில்லை என்றால் இன்றே அணைத்துவிடுங்கள். அன்றாட வேலைக்கு, மெஷினில் எதையும் மாற்றும் அதிகாரமுள்ள அட்மினிஸ்ட்ரேட்டராக நுழையாமல், சாதாரண யூசராக நுழையுங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு அவசரமாக ஒன்று. 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. செட்டிங்ஸில் அப்டேட் பகுதிக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டும், தானாக வராது.

லினக்ஸ் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நம் மாநிலத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு, இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது, பலர் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய மெஷினுக்கு, லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நன்றாக ஒத்துவரும். 2 ஜிபி ராமிலேயே ஓடும், 4 ஜிபி இருந்தால் சௌகரியம். இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு எண். ஆன்லைன் மோசடியில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். ஒன்று, ஒன்பது, மூன்று, பூஜ்யம். நன்றி, வணக்கம்.