‘தெரியாது’ங்கறதாவது தெரியுமா? – கேள்வி பதில்

வணக்கம். வந்த கேள்விகள்ல ஒண்ணை மட்டும்தான் இன்னைக்கு எடுக்கறேன். கம்பத்துல இருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க, தினம் கம்பம்மெட்டு வழியா ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புல போறவங்க. அப்படியே படிக்கிறேன்: “சாயங்காலம் இறங்கும்போது நாளைக்கு வேலை இருக்கான்னு ஜீப்காரரைக் கேட்டா, தெரியாதும்மாங்கறார். தோட்டத்துல சூப்பர்வைசரைக் கேட்டா, அறியில்லாங்கறார். ரெண்டும் ஒரே தெரியாதுதானா? அதோட, ஒருத்தருக்குத் தனக்குத் தெரியாதுங்கறதாவது எப்பவும் தெரிஞ்சிருக்குமா?”

அந்த ரெண்டாவது பாதி இருக்கு பாருங்க, அறிவைப் பத்தின தருக்கத்துல அறுபது வருஷத்துக்கு மேல ஓடிக்கிட்டிருக்கிற சண்டை அது. முதல் பாதியை முடிச்சிட்டு அதுக்கு வர்றேன்.

பழைய ஆளுங்களுக்கு நான் என்ன சொல்லப்போறேன்னு தெரியும். ‘இல்லை’ எங்க உட்கார்ந்திருக்குன்னு பாருங்க! வேலை இருக்குங்கறதை ‘ப’ன்னு வெச்சுக்கலாம். ‘ப இல்லைன்னு தெரியும்’ ஒண்ணு, ‘ப-ன்னு தெரியாது’ இன்னொண்ணு. முதல்ல ‘இல்லை’ உள்ளே இருக்கு, ரெண்டாவதுல வெளியே. நாளைக்கு லீவுன்னு தெரிஞ்சவங்க வீட்டுல நிம்மதியாத் தூங்குவாங்க. வேலை இருக்கான்னு தெரியாதவங்க விடியக்காலையில எழுந்து சோறு கட்டணும். ஆக ஒரு விஷயத்தைப் பத்தி ஒருத்தருக்கு மூணே நிலைதான்: ப-ன்னு தெரியும், ப இல்லைன்னு தெரியும், ரெண்டும் தெரியாது. நாலாவது கிடையாது.

தமிழ் இதுல ரொம்ப நுணுக்கமான மொழி. ரெண்டு வாக்கியம் சொல்றேன், காதுல வாங்கிக்குங்க. ‘வேலை இருக்குன்னு அவளுக்குத் தெரியாது.’ ‘வேலை இருக்கான்னு அவளுக்குத் தெரியாது.’ வித்தியாசம் ஒரே ஒரு ‘ஆ’. முதலாவதைச் சொல்றவர், வேலை இருக்கு, அது அவளுக்கு எட்டலைன்னு சொல்லிட்டார். ரெண்டாவதைச் சொல்றவர் வேலை இருக்கா இல்லையாங்கறதுக்குப் பொறுப்பே எடுத்துக்கலை. குறியீட்டுல முதலாவதை ‘ப, ஆனா ப-ன்னு தெரியாது’ன்னு எழுதணும். ரெண்டாவதை ‘ப-ன்னும் தெரியாது, ப இல்லைன்னும் தெரியாது’ன்னு எழுதணும். மலைக்கு மேலே, சூப்பர்வைசர் பேசற மலையாளத்துல அந்த வேலையை ‘ஓ’ பார்க்குது, ‘வருமோ எந்நு அறியில்லா’, அதாவது வருமான்னு தெரியாது.

இப்ப முதல் வாக்கியத்துல ‘அவளுக்கு’ங்கறதை எடுத்துட்டு ‘எனக்கு’ன்னு போட்டுப் பாருங்க. ‘நாளைக்கு வேலை இருக்குன்னு எனக்குத் தெரியாது.’ இடறுதில்ல? இலக்கணம் சரி, ஆனா சொல்ற வாயே அதைக் கெடுத்துடுது. வேலை இருக்குன்னு ஒத்துக்கிட்டே தெரியாதுன்னா எப்படி? ‘அய்யோ, இன்னைக்கு லீவுன்னு எனக்குத் தெரியாதே’ன்னா மட்டும் சரியா வரும், ஏன்னா அங்க தெரியாதது இதுவரைக்கும், இப்பத் தெரிஞ்சுபோச்சு.

சரி, ரெண்டாவது பாதி. தனக்குத் தெரியாதுங்கறது தனக்குத் தெரியுமா?

வட்டமும் அம்பும் போட்டுப் பார்ப்போம். பின்லாந்துத் தத்துவக்காரர் யாக்கோ ஹின்டிக்கா 1962-ல அறிவையும் நம்பிக்கையையும் பத்தி எழுதின புத்தகத்துல இருந்து வளர்ந்த முறை இது. ஒவ்வொரு வட்டமும் நடக்கக்கூடிய ஒரு நிலவரம். முதல் வட்டத்துல ‘வேலை இல்லை’ன்னு எழுதுங்க, அதுதான் நிஜம். ரெண்டாவதுல ‘வேலை இருக்கு’. ஒரு வட்டத்துல இருக்கிறவர் ‘இப்படியும் இருக்கலாம்’னு ஒதுக்க முடியாத வட்டத்துக்கெல்லாம் அம்பு போடணும். அம்பு போய்ச் சேர்ற எல்லா வட்டத்துலயும் ப உண்மைன்னா, அவருக்கு ப தெரியும். ஒரு வட்டத்துல பொய்யாப் போனாலும் தெரியாது. விதி அவ்வளவுதான்.

ஒரு நிபந்தனை உண்டு. அறிவைப் பத்திப் பேசறப்போ ஒவ்வொரு வட்டத்துல இருந்தும் அதுக்கே ஒரு அம்பு, காதுவளையம் மாதிரி, கட்டாயம் வரணும். பொய்யை யாரும் ‘தெரிஞ்சு’ வெச்சிருக்க முடியாது, அதுக்குத்தான் அந்த வளையம். நம்பிக்கைக்கு அது கட்டாயமில்லை, நிஜத்தை விட்டுட்டு வேற வட்டத்தை மட்டும் பார்த்துக்கிட்டு நிக்கலாம். நிறைய பேர் இந்த வளையத்தைப் போட மறந்துடறாங்க. அப்புறம் கணக்கு முழுக்கத் தப்பா வரும்.

முதல்ல சூப்பர்வைசர். முதலாளிகிட்ட இருந்து இன்னும் போன் வரலை, அதனால அவர் ரெண்டையும் ஒதுக்கலை. ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு அம்பு, ரெண்டுல இருந்து ஒண்ணுக்கு அம்பு, ரெண்டுக்கும் வளையம். எந்த வட்டத்துல நின்னாலும் அம்பு ரெண்டையும் தொடுது, ரெண்டுலயும் அவருக்கு ப தெரியாது. அப்போ ‘தெரியாது’ங்கறது அம்பு போற எல்லா வட்டத்துலயும் உண்மை. ஆக அவருக்குத் தெரியாது, தெரியாதுங்கறதும் தெரியும்.

இப்ப வேற ஒருத்தர். நேத்து வேலை இருந்துச்சு, முந்தாநாள் இருந்துச்சு, அதனால நாளைக்கும் இருக்குன்னு அடிச்சுச் சொல்றவர். ஒவ்வொரு ஜீப்புலயும் இப்படி ஒருத்தர் இருப்பார். இவருக்கு முதல் வட்டத்துல வளையம், ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு அம்பு, ரெண்டுல வளையம். ரெண்டுல இருந்து ஒண்ணுக்குத் திரும்பற அம்பு மட்டும் கிடையாது. ரெண்டாவது வட்டத்துல நின்னா அவருக்கு வேற எதுவும் தோணவே தோணாது. கணக்குப் போடுங்க. நிஜம் முதல் வட்டம். அதோட வளையம் ‘வேலை இல்லை’ன்னு காட்டுறதால அவருக்கு ப தெரியாது. சரி, தெரியாதுங்கறது தெரியுமா? அம்பைப் பிடிச்சு ரெண்டாவதுக்குப் போங்க. அங்க இருக்கிற ஒரே அம்பு வளையம், அது ‘வேலை இருக்கு’ன்னு காட்டுது, அதனால அங்க அவருக்கு ப தெரியும். அப்போ ‘தெரியாது’ங்கறது அங்க பொய். ஒரு வட்டத்துல பொய்யாப் போச்சுன்னா தெரியாதுன்னு அர்த்தம். ஆக, தெரியாதுங்கறது அவருக்குத் தெரியாது. அம்மா, உங்க கேள்விக்குப் பதில் அந்தக் காணாமப்போன ஒரு அம்புதான்.

ஹின்டிக்கா அந்த அம்பை எல்லாருக்கும் கட்டாயமாக்க ஒத்துக்கலை. தெரிஞ்சா தெரியும்னு தெரியும், அதுவரைக்கும் சரின்னார். தெரியாட்டி தெரியாதுன்னு தெரியும்ங்கறதை மறுத்துட்டார். கம்ப்யூட்டர்காரங்க பல பேரும் பொருளாதாரக்காரங்களும் அந்த அம்பைப் போட்டுத்தான் கணக்குப் போடறாங்க. மெஷினுக்கு அது பொருந்தும், தன் மெமரியில என்ன இருக்கு, என்ன இல்லைன்னு அது தேடிப் பார்த்துடும். மனுசனுக்குப் பொருந்தாதுங்கறது என் கட்சி.

சூப்பர்வைசர், அடிச்சுச் சொல்றவர், இந்த ரெண்டு பேருக்கும் தமிழ்ல எப்பவோ பேர் வெச்சாச்சு. மணிமேகலையில சமயக்கணக்கர் காதையில, அளவைகளை, அதாவது அறிவு வர்ற வழிகளைச் சொல்லிட்டு, அறிவுல வர்ற எட்டுக் குற்றத்தைச் சொல்ற இடம். அதுல ஒண்ணு ‘ஐயம்’. தூரத்துல நிக்கிறது தறியோ மகனோன்னு, அதாவது நட்டுவெச்ச கட்டையா ஆளான்னு முடிவுக்கு வராம இருக்கிறது. இன்னொண்ணு ‘தேராது தெளிதல்’. வெட்டவெளியில நிக்கிற அதே கட்டையை, ஆராயாமலே ஆள்னு முடிவு பண்ணிக்கிறது. கட்டை ஒண்ணுதான், குற்றம் ரெண்டு. ஐயப்படறவருக்குத் திரும்பற அம்பு இருக்கு, தேராது தெளிஞ்சவருக்கு இல்லை. தருக்கத்துல ஒரு அம்பைப் போட்டு அழிச்சுக் காட்டுற வித்தியாசத்தை ஒரு கட்டையை வெச்சே காட்டிட்டாங்க. இதை நான் பத்தாவது தடவையாச் சொல்றேன்னு கமெண்ட்ல எழுதுவீங்க, எழுதிக்குங்க.

அப்போ ஜீப்காரர் சொல்ற தெரியாதும் சூப்பர்வைசர் சொல்ற தெரியாதும்? வாய்விட்டுத் ‘தெரியாது’ன்னு சொன்னவர் உண்மையைத்தான் சொல்றார்னா, ரெண்டு பேருமே ஐயக்காரங்கதான். பயப்பட வேண்டியது ‘தெரியாது’ன்னு சொல்லாத அந்த மூணாவது ஆளுக்குத்தான்.

ஆனா அம்மா, நீங்க இன்னொண்ணு கேட்டிருக்கலாம். ஜீப்பும் நீங்களும் ஒரே நேரத்துக்கு ஒரே இடத்துக்கு வர எத்தனை ‘தெரியும்’ வேணும்? ஜீப்காரர் ராத்திரி வாட்ஸ்அப்புல ‘அஞ்சு மணி, டீக்கடை முக்கு’ன்னு போடறார். நீங்க நிச்சயம் வருவீங்கன்னா மட்டும்தான் அவர் வண்டியை எடுப்பார், அவர் நிச்சயம் வருவார்னா மட்டும்தான் நீங்க கிளம்புவீங்கன்னு வெச்சுக்கலாம். டவர் எப்ப இல்லாமப் போகும்னு சொல்ல முடியாது. மெசேஜ் வந்துடுச்சு, உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. ‘சரி’ன்னு அனுப்பறீங்க. போய்ச் சேர்ந்தா அவருக்குத் தெரியும், ஆனா சேர்ந்துச்சான்னு உங்களுக்குத் தெரியாது. அவர் கட்டைவிரல் போடறார். அது உங்களுக்கு வந்துச்சான்னு இப்ப அவருக்குத் தெரியாது. நீல டிக் இருக்கேன்னா, அந்த டிக்கும் ஒரு மெசேஜ்தான், அதுவும் இதே டவர் வழியாத்தான் வரணும். போய்ச் சேர்ற ஒவ்வொரு மெசேஜும் சரியா ஒரே ஒரு ‘தெரியும்’ கூட்டுது, அதுக்கு மேல இல்லை.

பத்து மெசேஜ் போதும்னு ஒருத்தர் சொல்றார்னு வைங்க. பத்தாவதை அனுப்பினவருக்கு, அது சேர்ந்தாலும் சேராட்டியும் போன்ல தெரியறது ஒண்ணுதான். அப்போ அது சேராட்டியும் அவர் கிளம்பித்தான் ஆகணும், அவர் கிளம்பறார்னா எதிராளியும் கிளம்பியாகணும். ஆக ஒன்பதே போதும். அதே கதையில எட்டு போதும், ஏழு போதும், கடைசியில மெசேஜே இல்லாமக் கிளம்பலாம்னு வந்து நிக்கும். அது நடக்காத கதை, அதனால எத்தனை மெசேஜும் போதாது. கம்ப்யூட்டர் அறிஞர் ஜிம் கிரே 1978-ல இதை ரெண்டு படைத்தளபதிகள் கதையா எழுதினார். அதே துறைக்காரங்க ஜோசப் ஹால்பெர்னும் யோராம் மோசஸும் 1980-கள்ல காரணத்தைக் காட்டினாங்க. இதுக்குத் தேவை ‘எல்லாருக்கும் தெரியும், அது தெரியும்னும் எல்லாருக்கும் தெரியும்’னு முடிவில்லாமப் போற பொது அறிவு, நம்பமுடியாத லைன்ல மெசேஜ் அனுப்பி அதை உண்டாக்கவே முடியாதுன்னு.

அப்போ தினம் ஜீப் எப்படி ஓடுது? முன்னாடியே நேருக்கு நேரா நின்னு பேசி ஒரு வழக்கம் வெச்சிருக்காங்க: நான் ஒண்ணும் சொல்லலைன்னா வண்டி உண்டு, இல்லைன்னா மட்டும்தான் போன் பண்ணுவேன். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டு ஒரே மேசையில டீ குடிச்சுப் பேசினா, அந்த முடிவில்லாத தெரியும் மொத்தமும் ஒரே நிமிஷத்துல வந்துடும். தத்துவக்காரர் டேவிட் லூயிஸ் 1969-லயே வழக்கம்னா என்னன்னு சொல்லும்போது இந்தப் பொது அறிவைத்தான் அடியில வெச்சார். இந்த ஏற்பாட்டுல ஒரு ஓட்டை உண்டு. ‘நாளைக்கு இல்லை’ங்கற அந்த ஒரு போன் டவர் இல்லாம வராமப் போயிட்டா, ஜீப்காரர் வீட்டுல தூங்குவார், நீங்க சோத்துப்பாத்திரத்தோட முக்குல நிப்பீங்க. ‘உண்டு’ன்னா போன் பண்ணுங்கன்னு வழக்கத்தைத் திருப்பி வெச்சா, அதே டவர் இல்லாத அன்னைக்கு ஜீப் வந்து காலியா நிக்கும். கூலி போறது அப்பவும் உங்களுக்குத்தான், டீசல் செலவாவது அவருக்கு ஆகும்.