பக்கத்தில் இருப்பவர் தூக்கும் எடை

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் செய்கின்ற, ஆனால் வாய்விட்டுச் சொல்லாத ஒரு செயலைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். பக்கத்தில் இருப்பவர் எத்தனை கிலோ தூக்குகிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வதையே சொல்கிறேன்.

மேலிருந்து கம்பியை மார்புவரை இழுக்கும் இயந்திரத்தில் ஒருவர் தம் பயிற்சியை முடித்து எழுகிறார். அடுத்து வருபவரின் கண், எடைத் தட்டுகளுக்கிடையே எடையைத் தேர்ந்தெடுக்கும் ஊசி செருகப்பட்டிருக்கும் இடத்திற்குத்தான் முதலில் போகிறது. அது 50 கிலோவில் இருக்கிறது. தமக்கு ஏற்றது 30 என்று அவருக்குத் தெரியும். ஆயினும் அவ்வளவு கீழே இறக்கக் கை தயங்க, 40இல் செருகிவிட்டு அமர்கிறார். முதல் சில முறை எப்படியோ இழுத்துவிடுகிறார்; பிறகு தோள்கள் காதை நோக்கி ஏறுகின்றன, உடல் பின்னுக்குச் சாய்ந்து ஆடுகிறது, முதுகுத் தசைகள் செய்ய வேண்டிய வேலையை அந்த ஆட்டத்தின் வேகமே செய்துவிடுகிறது. எடை கூடியதென்னவோ உண்மைதான்; ஆனால் அன்றைய பயிற்சி முதுகுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை.

மனிதர்கள் ஏன் தம்மைப் பிறரோடு ஒப்பிடுகிறார்கள் என்பதை அமெரிக்க உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் 1954இல் ஒரு கோட்பாடாக முன்வைத்தார். தம் திறனை நேரடியாக அளக்க வழியில்லாதபோது மனிதர்கள் பிறரைப் பார்த்து அளந்துகொள்கிறார்கள் என்றும், அதற்குத் தம்மைப் போன்றவர்களையே நாடுகிறார்கள் என்றும் அவர் கூறினார். உடற்பயிற்சிக் கூடத்திலோ கிலோவும் எண்ணிக்கையும் கண்ணெதிரே இருக்க, நம் வயதோ உடலமைப்போ பயிற்சிக்காலமோ இல்லாத ஒருவரைப் பார்த்து நாம் மனம் குன்றுகிறோம்.

ஒரே பயிற்சியைச் செய்பவர்களுக்கும் ஒரே பலன் கிடைப்பதில்லை. 2005இல் வெளியான ஓர் ஆய்வில் 585 பேர் ஒரு கைக்கு மட்டும் 12 வாரங்கள் ஒரே விதமான எடைப்பயிற்சியை மேற்கொண்டார்கள். முடிவில் வலிமை சற்றும் கூடாதவர்களும் இருந்தார்கள், 250 சதவீதம் வரை கூடியவர்களும் இருந்தார்கள். இதோடு தொடை எலும்பின் நீளம், பழைய காயம், உறக்கம், இளமையில் விளையாடிய விளையாட்டு எல்லாம் சேர்கின்றன. இவற்றில் எதுவும் பக்கத்தில் இருப்பவரின் தட்டுகளில் எழுதப்பட்டிருப்பதில்லை.

பிறர் அருகில் இருப்பதே கேடு என்று நான் சொல்லவில்லை. தனியாக ஓட்டுவதைவிடப் பிறரோடு ஓட்டும்போது சைக்கிள் வீரர்கள் விரைவாகச் செல்வதை உளவியலாளர் நார்மன் டிரிப்லெட் 1898லேயே எடுத்துக்காட்டினார். ஆனால் நன்கு பழகிய செயலுக்குத்தான் பார்வையாளர்கள் ஊக்கம் தருகிறார்கள் என்றும், புதிதாகக் கற்கும் செயலில் அவர்கள் இருப்பு தடுமாற்றத்தையே தரும் என்றும் 1965இல் உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் விளக்கினார். எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான்: அறுபது வயதில் முதன்முறையாக வருபவரும், நோயிலிருந்து மீண்டு வருபவரும், மகப்பேற்றுக்குப் பின் திரும்பி வருபவரும் இந்தத் தடுமாற்றத்தைத் தம் இயலாமை என்று எண்ணி, இரண்டாம் வாரமே நின்றுவிடுகிறார்கள். பயிற்சியால் அதிகப் பயன் பெறக்கூடியவர்களே அவர்கள்தாம்.

ஆகவே முயற்சிக்கான வேகத்தைச் சுற்றியிருப்பவர்களிடமிருந்து தாராளமாகப் பெற்றுக்கொள்ளுங்கள். எடையை மட்டும் உங்கள் குறிப்பேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு நாளும் தேதி, எடை, எத்தனை முறை என்பவற்றோடு, கடைசி முறை உடல் ஆடாமல் வந்ததா என்பதையும் ஒரு வரி எழுதி வையுங்கள். ஆடாமல் வந்திருந்தால் அடுத்த முறை ஒரு தட்டு கூட்டலாம். ஆடியிருந்தால் அதே எடையில் இன்னும் சில நாள்கள் இருக்கலாம். புதிதாக வந்தவர் எடைத் தட்டுகள் மாட்டாத வெறும் கம்பியோடு பழகுவதைக் கண்டால், அது மட்டுமே 20 கிலோ இருக்கக்கூடும் என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.