இராத்தங்கல்

(வடமராட்சியில் ஒரு சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

செயலாளர் தம்பி என்னைக் கூப்பிடும்போது, "சேர், பிள்ளைகளுக்குப் பிரயோசனமா ஏதாவது பேசுங்கோ" என்றார். பரீட்சைக்கு எப்படிப் படிப்பது என்று பேசுவேன் என நினைத்திருப்பார். நான் கடற்கரைக் காட்டில் எப்படிப் படுப்பது என்று பேசப் போகிறேன். படிப்பதற்கும் படுப்பதற்கும் ஓர் எழுத்துத்தானே வித்தியாசம், கோபிக்க வேண்டாம்.

முதலில் ஒரு சொல் பிரச்சினை. இந்தக் காரியத்துக்கு நம்மிடம் பெயர் இல்லை. முகாம் என்று சொல்லலாம்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் முகாம் என்றால் யாருக்கு என்ன ஞாபகம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். சாரணர்கள் பாசறை என்கிறார்கள். பழந்தமிழில் அது போருக்குப் போன அரசன் படையோடு தங்கிய இடம். ஆக, எந்தச் சொல்லை எடுத்தாலும் ஒரு படை வந்து நிற்கிறது. அதனால் நான் இராத்தங்கல் என்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு இரவு போய்த் தங்குவது, விடிய எழும்பி வருவது. அவ்வளவுதான்.

போன தடவைக்கு முந்தின தடவை, புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். எண்பது தாண்டிய என் அம்மா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பருத்தித்துறையில் வாங்கின புதுத் தறப்பாளை விரித்து அளந்தபோதுதான் வாயைத் திறந்தார். "ஏன்டா, இருக்கிற வீட்டை விட்டிட்டுப் போய் தறப்பாளுக்குக் கீழ படுக்கப் போறியே? நாங்கள் படுத்தது காணாதே?"

எனக்குப் பதில் வரவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்கி வர, வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தில் நாங்களும் இருந்தோம். மழை. செம்மணி வெளி. ஒரு எட்டு வைக்க எவ்வளவு நேரம் என்று அந்தத் தெருவில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழே தறப்பாள் கட்டி இருந்தோம். அந்த மழைக்காலத்தில் தறப்பாள் என்ற பொருளின் எல்லா இரகசியமும் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. எங்கே ஒழுகும், எங்கே தொய்யும், எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் பிய்யும், எல்லாம்.

அம்மாவின் கேள்வி அப்படியே இருக்கட்டும். போகிற இடத்தைச் சொல்கிறேன்.

பருத்தித்துறையிலிருந்து மருதங்கேணிப் பக்கம் போனால், வல்லிபுர ஆழ்வார் கோயிலைத் தாண்டி, குடத்தனைக்கு அருகே மணற்காடு. பெயரிலேயே இரண்டும் இருக்கிறது, மணலும் காடும். மணல் மேடுகள், பாதி மணலுக்குள் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள், கரையோரம் சவுக்கங்காடு. வெளியூர்ப் பிள்ளைகள் அந்த இடிந்த சுவரோடு நின்று படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். வெயில் சாய்ந்த பிறகு அங்கே நின்றவர்கள் குறைவு.

சவுக்கு இந்த மண்ணின் மரம் அல்ல. காற்றையும் மணலையும் மறிக்க நட்ட மரம். ஊசி போல இருப்பதை இலை என்று நினைக்கிறோம். உண்மையில் அது மெல்லிய கிளை. அதன் கணுக்களில் செதில் மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பதுதான் இலை. வேரில் நுண்ணுயிர்கள் குடியிருந்து காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கின்றன. அதனால்தான் வெறும் மணலிலும் அது நிமிர்ந்து நிற்கிறது. அந்த மெல்லிய கிளைகள் உதிர்ந்து மெத்தை மாதிரிக் கிடக்கும். படுக்கச் சுகம். ஆனால் ஒரு நெருப்புக்குச்சி போதும், மெத்தை முழுவதும் பற்றிக்கொள்ளும். ஆகவே சவுக்கின் கீழே நெருப்பு மூட்டவே கூடாது. கரைக்கு வந்து, வெறும் மணலில் குழி தோண்டி மூட்டுங்கள். போகும்போது மணலை மட்டும் போட்டு மூடினால் உள்ளே தணல் பல மணி நேரம் உயிரோடு இருக்கும், காலையில் யாராவது ஒரு பிள்ளை அதன் மேல் கால் வைக்கும். தண்ணீர் ஊற்றி அணைத்து, கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் மூட வேண்டும்.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. இது என் பாடம், கொஞ்சம் நேரம் எடுப்பேன். மணல் மேட்டின் அடியில் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். கூப்பிடு தூரத்தில் உப்புக் கடல், இங்கே குடிக்கிற தண்ணீர். எப்படி? மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. உப்புத் தண்ணீர் கொஞ்சம் பாரம் கூடியது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இறங்கி நிற்கும் என்பது கணக்கு. அதை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். மேலே 1 அடி குறைந்தால் கீழே 40 அடி உப்பு ஏறும். வீடு கட்ட மணல் வேண்டும் என்று இரவோடு இரவாக உழவு இயந்திரத்தில் மேட்டை அள்ளிக்கொண்டு போகிறவர்கள், மணலை மட்டும் ஏற்றிப் போகவில்லை. பக்கத்துக் கிணற்றையும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். சரி, நீங்கள் ஊற்றை நம்பிப் போகாதீர்கள். ஆளுக்கு 4 லீற்றராவது வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்.

எப்போது போவது? கார்த்திகை, மார்கழி மழைக்கு. தையில் வாடைக்காற்று இன்னும் விடாது. வைகாசி பிறந்தால் சோளகம் தொடங்கிவிடும், சோற்றில் பாதி மணல். மாசி, பங்குனிதான் நல்ல காலம். ஆனால் மாசியில் பனி இருக்கிறது. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று சும்மா சொல்லவில்லை. பகலில் கால் வைக்க முடியாமல் கொதித்த மணல், விடியப்புறம் 3 மணிக்குக் குளிர்ந்து முதுகைக் குத்தும். தடித்த பாய், ஒரு போர்வை, ஒரு சாரம். இதற்கு மேல் சாமான் வேண்டாம். நுளம்பு வலை மட்டும் மறக்கக்கூடாது. முதல் தடவை போகிறவர்கள் பறுவத்தை ஒட்டிப் போங்கள். நிலவு இருந்தால் பயம் பாதியாகும்.

முன்கூட்டியே கிராம அலுவலரிடம் சொல்லி, அந்தக் காடு யாருடைய பொறுப்பில் இருக்கிறது, தங்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடற்றொழிலாளர் சங்கத்திடமும் ஒரு சொல். இன்னும் தெற்கே போய்ச் சுண்டிக்குளத்தில் படுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அது தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் இரவில் நிற்க முடியாது. நாரைகளையும் பூநாரைகளையும் பகலில் போய்ப் பாருங்கள், அதுவே பெரிய காட்சி.

என் முதல் இராத்தங்கலைச் சொன்னால் சிரிப்பீர்கள். தை மாதக் கடைசி. பழைய மாணவர்கள் மூன்று பேரும் நானும். கடலைப் பார்த்துக்கொண்டே படுக்க வேண்டும் என்ற ஆசையில், தறப்பாளின் திறந்த பக்கத்தைக் கடலுக்கு நேரே வைத்துக் கட்டினேன். முப்பது வருடம் காற்றும் அமுக்கமும் படிப்பித்தவன்! வாடைக்காற்று அந்த வாய்க்குள் புகுந்து பாய் விரித்த வள்ளம் மாதிரித் தூக்கியது. இரவு 1 மணிக்கு முளைகள் எல்லாம் பிடுங்குப்பட்டு, தறப்பாள் ஒரு தாழம் பற்றையில் போய்ச் சிக்கிக்கொண்டது. தாழை முள்ளில் இருந்து தறப்பாளை எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? விடியும்வரை அதுதான் வேலை. "சேர், இது பாடத்திட்டத்தில இருக்கோ?" என்று ஒருவன் கேட்டான்.

வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. கிழிசலைப் பார்த்தே அம்மா கண்டுபிடித்துவிட்டார். அந்தத் தறப்பாள் அத்தோடு முடிந்தது. அடுத்த தடவைக்குப் புதிது வாங்கி அளந்தபோதுதான், நான் முதலில் சொன்னேனே, அந்தக் கேள்வி வந்தது. கேள்வியோடு நிற்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பொறுக்க முடியாமல் சொல்லத் தொடங்கினார். "மணல்ல முளை நிக்காது. உரப்பையில மணலை நிரப்பித் தாட்டு, அதில கயித்தைக் கட்டு. காத்துப் பக்கம் பதிச்சுக் கட்டு. நடுவில தொய்ய விடாதே, தண்ணி தேங்கிப் பிய்க்கும். தலைமாட்டுப் பக்கம் வாய்க்கால் வெட்டு." அவர் சொன்னபடி கட்டின தறப்பாள் அந்த இரவு முழுதும் அசையவே இல்லை.

அந்த இரண்டாவது இரவைத்தான் நான் இராத்தங்கல் என்று கணக்கில் வைத்திருக்கிறேன். ஒடியல் கூழ் காய்ச்சினோம். கரையில் வாங்கிய நண்டும் மீனும், பயற்றங்காய், பலாக்கொட்டை. கோப்பை கொண்டுபோகவில்லை, பனையோலையில் பிளா கோலிக் குடித்தோம். கழுவுகிற வேலையும் இல்லை, குப்பையும் இல்லை. கூழ் பாதியில் இருக்கும்போது ரோச் லைற் அடித்துக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர், "ஆர் நீங்கள், எந்தப் பக்கம்?" என்றார். ஊர் சொன்னோம், பெயர் சொன்னோம், ஒருவனுடைய மாமனாரை அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகென்ன, இரண்டு பிளா அதிகமாகக் கோல வேண்டி வந்தது. போகும்போது, "இந்த இடத்தில வேண்டாம், விடியக் கரைவலை இழுக்க வருவம், மேட்டுக்கு அங்கால போய்ப் படுங்கோ" என்றார். கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள் கடலுக்கு எவ்வளவு தள்ளிப் படுக்கிறார்கள் என்று பாருங்கள். 2004 டிசம்பர் 26 காலை இந்தக் கரை முழுக்க என்ன நடந்தது என்று உடுத்துறை சுனாமி நினைவாலயத்துக்குப் போனால் தெரியும். படுக்க முன்னர், எந்தப் பக்கம் ஓடினால் தெரு, எது உயரமான மேடு என்று வெளிச்சத்தில் ஒரு தடவை நடந்து பார்த்துவிடுங்கள்.

பாம்பைப் பற்றிக் கேட்பீர்கள். புடையன் இருக்கிறது, சுருட்டை இருக்கிறது. நான் பயப்படுவது எட்டடி விரியனுக்கு. நிலத்தில் படுத்திருப்பவரை நித்திரையில் கடிக்கும், பல நேரம் வலியே தெரியாது. வலையின் ஓரத்தைப் பாயின் கீழே நன்றாகச் செருகுங்கள், வெளிச்சம் இல்லாமல் நடக்காதீர்கள், காலையில் சப்பாத்தை உதறிவிட்டுப் போடுங்கள். சந்தேகம் என்றாலே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்து மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பார்வை பார்க்கிறவரிடம் போய் நேரத்தை விடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

எல்லோரும் படுத்த பிறகு நான் மேட்டில் ஏறி நின்றேன். வடக்கே பார்த்துக் கையை நீட்டி முஷ்டியைப் பொத்திப் பிடித்தேன். தொடுவானத்தில் முஷ்டியின் அடியை வைத்தால், அதன் மேல் விளிம்புக்கு அருகே துருவ நட்சத்திரம். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 10 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது, அதனால் அந்த நட்சத்திரமும் தொடுவானத்துக்கு மேலே 10 பாகையில்தான் நிற்கும். நீட்டிய கையின் முஷ்டி கிட்டத்தட்ட அதே 10 பாகை. எத்தனை வருடம் கரும்பலகையில் கீறிக் காட்டியிருப்பேன்! ஊருக்குள் பனையும் மதிலும் மறைக்கிற அந்தப் பதிந்த வெள்ளியை, கடலுக்கு மேலே என் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்போது இன்னொன்றும் தெரிந்தது. தரைக்காற்று கடலை நோக்கி வீசத் தொடங்கியிருந்தது. சவுக்கு இரைந்துகொண்டிருந்தது. தறப்பாளின் ஓரம் மெல்லப் படபடத்தது. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு நெஞ்சு அடிக்கும், 1995இலிருந்து அப்படித்தான். அன்றைக்கும் அடித்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டது. விடிந்தால் போக ஒரு வீடு இருக்கிறது என்று தெரிந்து படுத்தால் அதே தறப்பாள் வேறு மாதிரிச் சத்தம் போடுகிறது. அம்மாவுக்கு நான் சொல்ல நினைத்த பதில் இதுதான். வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒழுகினதோ?" என்றார். இல்லை என்றேன். "ம்" என்றார்.

வருகிற பங்குனிப் பறுவத்துக்கு முதல் நாள் இரவு திரும்பவும் போகிறோம். மறுநாள் போயா லீவு. பத்துப் பேருக்கு மேல் கூட்டிப் போகமாட்டேன், பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் செயலாளர் தம்பியிடம் கொடுங்கள், பதினெட்டுக்குக் கீழே என்றால் அப்பாவோ அம்மாவோ கூட வர வேண்டும். "உங்கட அம்மாவும் வருவாவோ சேர்?" என்று முன்வரிசையில் ஒரு தங்கச்சி கேட்கிறார். கேட்டேன் பிள்ளை. "நான் வரேல்லை, படுத்தது காணும்" என்று சொல்லிவிட்டார். ஆனால் நேற்றுப் பின்னேரம் பார்த்தால், தறப்பாளை முற்றத்தில் விரித்துக் காயப்போட்டு, உரப்பைகளை எண்ணிக்கொண்டிருந்தார். நாலு போதாதாம், ஆறு வேண்டுமாம்.