கப்பலிலும் ஒரு பிரட்டுக்களம்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் 31 வருடம் வேலை செய்தவள் நான். விடிந்ததும் தாய்மார் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விடுவார்கள். பால் கொடுப்பது, சோறூட்டுவது, தூங்க வைப்பது, விழுந்தால் தூக்குவது எல்லாம் எங்கள் பொறுப்பு. சின்னப் பிள்ளைகளோடு கப்பலில் சுற்றுலா போவதைப் பற்றிப் பேசும்படி இன்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். கப்பலா, அதெல்லாம் நமக்கா என்று வானொலியை நிறுத்திவிடாதீர்கள். வெளிநாட்டில் ஒரு பிள்ளையாவது வேலை செய்யாத லயம், நம் தோட்டத்து வரிசை வீடு, இன்று எங்கே இருக்கிறது? என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவன்தான் எங்களை அழைத்துப் போனான். கொட்டகலையில் இருக்கும் என் மகள், மருமகன், ஐந்து வயதுப் பேத்தி, இரண்டரை வயதுப் பேரன், நான். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கைத் தொட்டு, மறுபடி சிங்கப்பூர். மூன்று இரவுகள்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் கப்பல் என்ற சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. 1964 அக்டோபர் 30ஆம் திகதி நம் நாட்டுப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த நம்மவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. என் பெரியம்மா குடும்பம் போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அட்டனில் கோச்சி, அதாவது ரயில், ஏறினார்கள். ஒப்பாரிக் கோச்சி என்றே அதற்குப் பெயர். தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல், அக்கரையில் இராமேஸ்வரம். பெரியம்மா எங்களுக்கு விட்டுப்போன அம்மி இன்றும் என் வீட்டில் இருக்கிறது. ‘கப்பலேறிப் போய்விட்டாள்’ என்று எங்கள் அம்மா சொன்னால், இனி அவளைப் பார்க்க முடியாது என்று பொருள். அதனால்தான் என் பேரப்பிள்ளைகள் கப்பலேற வேண்டும், ஏறிய துறைமுகத்திலேயே இறங்கி வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கதிர்காமத்துக்கோ திருகோணமலைக்கோ வேன் பிடித்துப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வோர் இரவும் வேறு மடம், வேறு பாய், பெட்டியைத் திறப்பதும் கட்டுவதுமாகவே பொழுது போகும். பிள்ளைக்குப் புது இடத்தில் தூக்கம் வராது. கப்பலில் அந்தக் கரைச்சல் இல்லை. ஒரே அறை, ஒரே கட்டில். பெட்டியை ஒருமுறை திறந்தால் போதும். நாம் தூங்கும்போது ஊர் நம்மைத் தேடி வருகிறது. கைப்பிள்ளைக்காரர்களுக்கு இதைவிட வசதியான பயணம் கிடையாது என்பது என் அபிப்பிராயம். பெரும்பாலான கப்பல்களில் ஆறு மாதம் நிறைந்த குழந்தையை ஏற்றிக்கொள்கிறார்கள். நாட்கணக்காகக் கரையே தொடாத நீண்ட பயணம் என்றால் ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு நாளைக்கு ஒன்று. இதை இன்று பல தடவை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கப்பலில் காலை முதல் நடுச்சாமம் வரை ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். நீச்சல், ஆட்டம், பாட்டு, வித்தை எல்லாவற்றையும் பார்த்துவிடத் துடிப்பவர்கள் பெரியவர்கள். பிள்ளைக்கு ஒரு நாளில் ஒரு புதுமை போதும். மற்ற நேரமெல்லாம் அதற்குப் பழகிய சாப்பாடு, பழகிய தூக்கம், பழகிய மடி.

எங்களுக்கு முதல் நாளே ஒரு பாடம் கிடைத்தது. துறைமுகத்தில் பெரிய பைகளையெல்லாம் வாங்கி, பெயர்ச்சீட்டுக் கட்டி எடுத்துப் போய்விடுகிறார்கள். அவை அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். நாங்கள் ஏறியது மத்தியானம். பேரனின் பால்மா, மாற்றுத் துணி, அவன் தூங்கும்போது கன்னத்தில் வைத்துக்கொள்ளும் பழைய சேலைத் துண்டு, எல்லாமே அந்தப் பைக்குள். அந்தத் துண்டு இல்லாமல் அவன் தூங்கமாட்டான். மூன்று மணி நேரம் அழுதான். கடைசியில் நான் உடுத்தியிருந்த சேலையின் முந்தானையைச் சுருட்டிக் கன்னத்தில் வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடினான். ஆகவே, பிள்ளையின் ஒரு நாள் சாமான் உங்கள் தோளில் தொங்கும் பையிலேயே இருக்கட்டும். இன்னொன்று, பால் கரைக்க வேண்டுமென்று வீட்டிலிருந்து கேத்தல் கொண்டு போகாதீர்கள். தீ விபத்துக்குப் பயந்து அதை வாங்கி வைத்துவிடுவார்கள். சுடுதண்ணீர் கேட்டால் கொடுப்பார்கள்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கப்பல் புறப்படுவதற்கு முன் ஓர் அறிவித்தல் வந்தது. ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்று அறையிலிருந்த தொலைக்காட்சியில் படம் காட்டினார்கள். பிறகு ஒவ்வொரு குடும்பமும் தனக்குரிய இடத்துக்குப் போய்ப் பதிந்துவிட்டு வரவேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு மஸ்டர் என்று பெயர். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நேயர்களே, நம் தோட்டத்தில் துரைமார் பேசிய ஆங்கிலத்திலும் அதே சொல்தான். நாம் பிரட்டு என்கிறோம். விடியற்காலைக் குளிரில், கங்காணி முன்னால் நிற்க, இன்னாருக்கு இன்ன மலை என்று ஆள் பிரிப்பார்களே, அதே பிரட்டுக்களம். என் அம்மாவும் அப்பாவும் ஆயுள் முழுக்க நின்ற இடம். அங்கே ஆள் கணக்கெடுத்தது வேலை வாங்குவதற்கு. இங்கே ஆள் கணக்கெடுப்பது ஓர் உயிரும் விடுபட்டுப் போகக்கூடாது என்பதற்கு. பேத்தியின் பெயரைக் கேட்டு, பட்டியலில் பார்த்து, அவள் கையில் ஒரு பட்டி கட்டினார்கள். அவள் கூட வேண்டிய இடத்தின் எழுத்து அதில் இருந்தது. பெற்றோர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் ஆபத்து வந்தாலும், எந்த ஊழியரும் அந்த எழுத்தைப் பார்த்துப் பிள்ளையைச் சரியான இடத்துக்குக் கொண்டு வந்துவிடலாம்.

ஆபத்துச் சத்தம் எப்படி இருக்கும் தெரியுமா? ஏழு தடவை குறுகலாக, பிறகு ஒரு தடவை நீளமாக. நான் பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தேன், ஏழு குறில், ஒரு நெடில் என்று. அப்போதுதான் அவள் அ, ஆ எழுதப் பழகிக்கொண்டிருந்தாள். உடனே பிடித்துக்கொண்டாள். கையைக் குவித்து வாயில் வைத்து, அ அ அ அ அ அ அ, ஆஆஆ என்று ஊதினாள். தம்பியைக் கூப்பிட்டு நிற்க வைத்தாள். அறையிலிருந்து கூடுமிடம் வரைக்கும் எத்தனை படி என்று எண்ணிக்கொண்டே போனோம். ஒரு நாளைக்கு ஒன்று என்று சொன்னேனே, முதல் நாளின் அந்த ஒன்று இதுதான். வேறு எதையும் நாங்கள் பார்க்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், பலர் இதைத் தொல்லையாக நினைக்கிறார்கள். படம் ஓடும்போது பெட்டி அடுக்குகிறார்கள். 2012 ஜனவரி 13ஆம் திகதி இத்தாலியக் கரையோரத்தில் கொஸ்டா கொன்கோர்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு அதுவரை பயிற்சியே நடக்கவில்லை. அதற்குப் பிறகுதான் சர்வதேச விதியைத் திருத்தினார்கள். 2015 முதல், கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ இந்தப் பிரட்டு நடந்தாக வேண்டும். உயிர்காப்பு அங்கியும் அப்படித்தான். குழந்தைக்கும் சிறு பிள்ளைக்கும் தனித்தனி அளவு உண்டு. கப்பலில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் அறையில் பெரியவர்களுடையது மட்டும் இருந்தால், ஏறிய அன்றே கேட்டு வாங்குங்கள். பிள்ளைக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள். விளையாட்டாகவே பழக்கிவிடலாம். பிள்ளை மடுவத்தில் நாங்கள் கைகழுவப் பழக்கியதும் விளையாட்டாகத்தான்.

பிள்ளை மடுவம் என்றதும் ஞாபகம் வருகிறது, கப்பலிலும் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் மூன்று வயது முடிந்து, கழிப்பறைப் பழக்கம் வந்த பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள். பேத்தி ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தாள். பேரனைச் சேர்க்க முடியவில்லை. நீச்சல் குளத்திலும் டயப்பர் கட்டிய பிள்ளையை இறக்க விடமாட்டார்கள். அது தெரியாமல் அவனுக்கு ஆசை காட்டிவிட்டோம், பாவம். அறைக் குளியலறையில் தண்ணீர் தேக்கி, நாலைந்து பிளாஸ்டிக் கோப்பைகளைப் போட்டுக் கொடுத்தேன். அரை மணி நேரம் ஊற்றி ஊற்றி விளையாடினான்.

இரண்டாம் நாள் விடியற்காலையில் அவன்தான் முதலில் எழுந்தான். திரையை விலக்கிக் காட்டினேன். சுற்றிலும் தண்ணீர். கண்ணாடியில் இரண்டு கைகளையும் பதித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். பிறகு திரும்பி, “மலை எங்கே அம்மாயி?” என்றான். பிறந்ததிலிருந்து எந்த ஜன்னலைத் திறந்தாலும் ஒரு மலையைப் பார்த்த பிள்ளை. அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். வெளிச்சம் வந்த பிறகு தூரத்தில் ஒரு நீலக் கோடு தெரிந்தது. “அதோ” என்றேன். அவன் கை கொட்டினான்.

பினாங்கில் கப்பல் நிற்கும் துறை ஜோர்ஜ் டவுன் நகருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மருமகன் மலையேறும் ரயிலில் போகலாம் என்றார். வரிசையில் நின்று, ஏறி, இறங்கிவர மத்தியானம் தாண்டிவிடும். சின்னவன் ஒரு மணிக்குத் தூங்குகிறவன். ஒரு நாளைக்கு ஒன்று. குயின் தெருவில் 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோவிலுக்கு மட்டும் போனோம். பக்கத்துக் கடையில் இட்லி சாப்பிட்டோம். பரிமாறிய அம்மா தன் தாத்தா இறப்பர் தோட்டத்துக்கு வந்தவர் என்றார். நாங்கள் தேயிலை என்றோம். அவர் பேரனுக்கு ஒரு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார். பன்னிரண்டரைக்கெல்லாம் அறைக்கு வந்துவிட்டோம். சொந்தத்தில் கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மாதிரி இருந்தது.

கடல் மயக்கத்தைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். ரம்பொடை வளைவுகளில் பஸ்ஸில் வாந்தியெடுக்கிற பிள்ளைகளை வைத்திருப்பவர்கள்தான் நாம். காரணமும் ஒன்றுதான்: காதுக்குள் இருக்கும் சமநிலைக் கருவி உடம்பு ஆடுகிறது என்கிறது, கண் ஆடவில்லை என்கிறது. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இது வருவது மிகக் குறைவு. பள்ளிக்கூட வயதில்தான் கூடுதல். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் அறை கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. புத்தகத்தையும் கைபேசியையும் வாங்கி வைத்துவிட்டு, தூரத்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மருந்து கொடுப்பதென்றால் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம்.

அதைவிடப் பெரிய பயம் வயிற்றோட்டம். நிறையப் பேர் ஒரே இடத்தில் சாப்பிடுவதால் நோரோ வைரஸ் வேகமாகப் பரவும். வாசலில் வைத்திருக்கும் கைத்திரவம் அந்தக் கிருமிக்குப் போதாது. சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். இன்னொரு கவனம்: பல்கனி உள்ள அறை என்றால் அங்கிருக்கும் நாற்காலிகளை உள்ளே இழுத்துவிடுங்கள். பிள்ளைகள் அதில் ஏறிக் கம்பியில் சாய்வார்கள்.

நேரம் முடிகிறதென்று உள்ளே கை காட்டுகிறார்கள். காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே ஓடும் கப்பலைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 2023 அக்டோபர் 14ஆம் திகதி தொடங்கியது, இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது, சுமார் நாலு மணி நேரப் பயணம். மூன்று இரவுக்குப் பணம் இல்லாதவர்கள் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட அது நல்ல வழி. மழைக்காலத்தில் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.

கடைசியாகக் கடவுச்சீட்டு. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நம் நாட்டில் அது மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். பயணத் திகதிக்கு ஆறு மாதத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள். புதுப்பிக்கக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை, கண்டியிலேயே கிளை இருக்கிறது. கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும் விசா வேண்டுமா என்று தனித்தனியே கேளுங்கள். புறப்பட்ட நாட்டுக்குத் திரும்பி வருவதையும் சேர்த்துக் கேளுங்கள். வணக்கம்.