மாமியார் சமையலறையும் எங்கள் ஹோண்டா ஃபிட்டும்

நடுவர் அவர்களே, எங்கள் அணியினரே, எதிரணி நண்பர்களே, பொங்கல் சாப்பாட்டுக்குப் பிறகும் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் சொந்தங்களே, எல்லாருக்கும் வணக்கம். மணியடிக்க ஆள் தயாராக நிற்கிறார், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அமெச்சூர் ஆட்டோகிராஸில் காரை மாற்றுவதற்கு இருக்கும் விதிகள் காப்பாற்றுவது ஓட்டுகிறவரின் திறமையையா, காசுள்ளவரின் பர்ஸையா? இதுதான் தலைப்பு. திறமையைத்தான் என்று நான் பேசுகிறேன்.

ஆட்டோகிராஸ் பார்க்காதவர்களுக்காக ஒரு நிமிடம். காலியாகக் கிடக்கும் பெரிய பார்க்கிங் லாட்டில் ஆரஞ்சு கோன்களை வைத்து வளைத்து வளைத்து ஒரு பாதை போடுவார்கள். அதில் ஒவ்வொரு காராகப் போய், குறைந்த நேரத்தில் முடிக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு கோனைத் தட்டினால் 2 விநாடி அபராதம். பாதையைத் தவறவிட்டால் அந்த ஓட்டமே கணக்கில் வராது. நீங்கள் ஓட்டாத நேரத்தில் வெயிலில் நின்று, அடுத்தவர் தட்டிவிட்ட கோன்களை எடுத்து வைக்க வேண்டும். இதன் தேசியப் போட்டி அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் லிங்கன் நகரத்தில் நடக்கிறது. ஆயிரம் பேருக்கு மேல் சொந்தச் செலவில் போகிறார்கள். பணத்துக்காக யாரும் போவதில்லை. அதனால்தான் நியாயத்துக்காக இவ்வளவு சண்டை போடுகிறார்கள்.

இதை நடத்தும் எஸ்சிசிஏ, அதாவது ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா, கார்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறது. கம்பெனியிலிருந்து வந்தபடியே பெரும்பாலும் இருந்தால் ஸ்ட்ரீட். ஸ்பிரிங், வீல் என்று மாற்றினால் ஸ்ட்ரீட் டூரிங். அதற்கும் மேலே பிரிப்பேர்ட், மாடிஃபைட் என்று ஏறிக்கொண்டே போகும்.

சரி, இப்போது எதிரணித் தலைவர் சொன்னதற்கு வருகிறேன். என்ன சொன்னார்? "இந்த ரூல் புக் மாமியார் வீட்டுச் சமையலறை மாதிரி. எதைத் தொட்டாலும் குத்தம். ஏர் ஃபில்டரைத் தொடலாம், ஸ்பிரிங்கைத் தொடக்கூடாது. வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி, அந்த ஆன்ட்டி ரோல் பாரை முன்பக்கம் மாற்றினால் சரி. கூடவே பின்பக்கத்தையும் மாற்றினால் வீட்டை விட்டு வெளியே!" அரங்கமே கைதட்டியது. தட்டாதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருவர் மூன்றாவது வரிசையில் பச்சைப் புடவையில் உட்கார்ந்திருக்கும் என் மாமியார்.

ஐயா, உங்களை ஒன்று கேட்கிறேன். நீங்கள் கடைசியாக எப்போது ஒரு சமையலறைக்குள் போனீர்கள்? தண்ணீர் குடிக்கப் போனதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கல்யாணமாகிப் போன முதல் வாரம் அத்தை என்னிடம் சொன்ன விதி ஒன்றே ஒன்றுதான். "எதை வேணாலும் எடு கண்ணு, எடுத்த எடத்துல வெச்சுரு." அவ்வளவுதான். அந்த வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கரண்ட் போன இருட்டில் கை வைத்தாலும் கடுகு கடுகாகவே வரும், சீரகம் சீரகமாகவே வரும். அந்த வீட்டில் மூன்று மருமகள்கள். மூன்று பேருக்கும் அதே அடுப்பு, அதே புளி, அதே ஈயச்சொம்பு. அப்படி இருந்தால்தானே யார் வைத்த ரசம் நல்ல ரசம் என்று தெரியும்? ஒருத்தி அவள் அம்மா வீட்டிலிருந்து ரசப்பொடி கொண்டு வந்து, இன்னொருத்தி மிக்ஸி கொண்டு வந்து, மூன்றாமவள் ஒரு சமையல்காரரையே கொண்டு வந்தால், அங்கே ரசத்துக்கா போட்டி நடக்கும்? மூன்று அப்பாக்களின் பேங்க் பாஸ்புக்குக்கு நடக்கும்!

ஸ்ட்ரீட் வகுப்பின் விதியும் இதுதான். மாற்றலாம் என்று எழுதியிருப்பதை மாற்றிக்கொள்ளலாம், எழுதாததைத் தொடக்கூடாது. பிரேக் பேட் மாற்றலாம். ஷாக் அப்சார்பர் மாற்றலாம். ஆன்ட்டி ரோல் பார் முன்னாலோ பின்னாலோ ஒன்று மட்டும். வீலின் விட்டம் ஓர் அங்குலம் கூடலாம், குறையலாம். ஆனால் அகலம் கம்பெனி கொடுத்ததுதான். ஏன் அகலத்தில் இவ்வளவு கறார்? அகல வீல் போட்டால் அகல டயரை ஒழுங்காக உட்கார வைக்கலாம், அகல டயருக்குப் பிடி அதிகம், பிடி அதிகமானால் நேரம் குறையும். அந்த ஒரு வாசலைத் திறந்துவிட்டால் அடுத்த வாரமே எல்லாரும் வீல் கடையில்தான் நிற்பார்கள்.

அப்புறம், மாமியார் என்றால் தன் இஷ்டத்துக்குச் சட்டம் போடுகிறவர் என்று நினைத்துத்தானே அந்த உதாரணத்தைச் சொன்னீர்கள்? இங்கே விதியை மாற்ற வேண்டும் என்றால் உறுப்பினர் யார் வேண்டுமானாலும் விதிகளைப் பார்த்துக்கொள்ளும் குழுவான சோலோ ஈவென்ட்ஸ் போர்டுக்குக் கடிதம் எழுதலாம். வந்த கடிதங்களையும், மாற்ற நினைக்கும் விதிகளையும் ஃபாஸ்ட்ராக் என்ற மாத வெளியீட்டில் போட்டு, "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்கிறார்கள். எந்த வீட்டுச் சமையலறையில் மருமகளுக்கு இந்த வசதி இருக்கிறது? எங்கள் வீட்டில் இருக்கிறது. அதனால்தான் நான் கைதட்டவில்லை.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் ஒரு பையனின் கதையைச் சொல்லிக் கண் கலங்கினார். பழைய கார் வாங்கினானாம். முன்பு வைத்திருந்தவர் தாழ்த்திய ஸ்பிரிங் போட்டிருந்தாராம். அது தெரியாமல் போட்டிக்குப் போனவனை ஸ்ட்ரீட் டூரிங்கில் கொண்டுபோய்ச் சிங்கங்களோடு விட்டுவிட்டார்களாம். பாவம்தான், நானும் உச்சுக்கொட்டினேன். ஆனால் அவனை யாராவது வீட்டுக்குப் போ என்றார்களா? நிற்க வேண்டிய வரிசையைக் காட்டினார்கள், ஓட்டவும் விட்டார்கள். முதல் வருடம் ஓட்டுகிறவர்களுக்கென்றே பல ஊர்களில் நாவிஸ் வகுப்பு இருக்கிறது. அவனுக்காக மனம் இளகி ஸ்பிரிங்கை விட்டுவிட்டால், கம்பெனி ஸ்பிரிங்கோடு அந்த வரிசையில் நிற்கும் பத்துப் பேருக்கு யார் உச்சுக்கொட்டுவது?

இப்போது எங்கள் வீட்டுக் கதை. எங்கள் கார் பழைய ஹோண்டா ஃபிட். நம் ஊரில் ஜாஸ் என்று விற்றார்களே, அதேதான். மேனுவல் கியர். ஸ்ட்ரீட்டுக்குள்ளேயே எச் ஸ்ட்ரீட் என்ற பிரிவு. ஒரே போட்டியில் ஒரே காரை இரண்டு பேர் ஓட்டலாம் என்பதால், அதைத்தான் நானும் ஓட்டுகிறேன், எங்கள் வீட்டுக்காரரும் ஓட்டுகிறார். அவர் அதோ, கதவுப் பக்கத்தில் நிற்கிறார். போகாதீங்க, கதை நல்லபடியாகத்தான் முடியும்.

போன கோடையில் அத்தையும் எங்களோடு போட்டிக்கு வந்தார். முதலில் வீட்டுக்காரர் ஓட்டினார். பிறகு நான். நான் ஒன்றரை விநாடி வேகம். இந்த விளையாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் கோப்பை கைமாறும். ஒன்றரை விநாடி என்றால் வேறு ஊர்!

வீட்டுக்காரர் இறங்கி வந்து சொன்னார். "நான் போகும்போது டயர் குளிர்ந்திருந்தது. நான் சூடாக்கிக் கொடுத்த டயரில் நீ போனாய்." நியாயம்தான், குளிர்ந்த டயருக்குப் பிடி குறைவு. சரி, அடுத்த சுற்றில் நான் முதலில் போகிறேன் என்று போனேன். டயரைச் சூடாக்கிக் கொடுத்தேன். அவர் போனார். மறுபடியும் நான்தான் வேகம். இறங்கி வந்து சொன்னார். "டயர் ரொம்பச் சூடாகிவிட்டது."

அதுவும் நியாயம்தான். மென்மையான ரப்பர், அளவு மீறிச் சூடானால் வழுக்கும். அதனால்தான் ஒரே காரை இரண்டு பேர் ஓட்டுகிறவர்கள், செடிக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரில் தண்ணீர் ரொப்பிக்கொண்டு வருவார்கள். இடைவெளியில் டயர்மேல் அடிப்பார்கள். எங்கள் ஸ்பிரேயரை அத்தை வாங்கிக்கொண்டார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலில் என்னுடைய பழைய ஸ்போர்ட்ஸ் ஷூ, நான்கு டயருக்கும் ஒரே சீராகத் தண்ணீர் அடித்தார். ஐம்பது வருடம் வாசல் தெளித்த கை அது. டயரிலிருந்து ஆவி பறந்தது. பக்கத்தில் நின்ற அமெரிக்கர் தன் காரையும் காட்டி, "மேடம், ப்ளீஸ்" என்றார். அதற்கும் அடித்துக் கொடுத்தார்.

வீட்டுக்காரர் மூன்றாம் முறை போனார். டயர் சூடும் சரி, பாதையும் சரி. திரும்பி வந்தார். நேரத்தைப் பார்த்தார். என்னுடைய நேரத்தையும் பார்த்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின்சக்கரத்தின் அருகில் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த ஸ்பிரிங்கை மாற்றணும்னு நினைக்கிறேன்" என்றார்.

அப்போது அத்தை சொன்னார், நடுவர் அவர்களே. ஸ்பிரேயரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "டேய், வண்டியக் குத்தஞ் சொல்லாதடா. அவளும் அதே வண்டியிலதான் போயிட்டு வந்தா."

கைதட்டலுக்கு நன்றி. இன்னொரு முறை சொல்லவா? "அவளும் அதே வண்டியிலதான் போயிட்டு வந்தா!" ரூல் புக் எத்தனையோ பக்கம். அத்தனை பக்கத்தையும் பிழிந்தால் கிடைப்பது என் அத்தை சொன்ன இந்த ஒரு வரி. அதே வண்டி, அதே டயர், அதே பாதை. மிச்சமிருந்தது ஸ்டீரிங்கைப் பிடித்த கை மட்டும்தான்.

அதன் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், அவர் கதவைத் திறக்கிறார். அடுத்த போட்டிக்கு எங்கள் வீட்டுக்காரர் எந்தக் கடைக்கும் போகவில்லை. ஓட்டம் தொடங்கும் முன் பாதையைத் திரும்பத் திரும்ப நடந்தார். கண்ணை முன்னால் இருக்கும் கோனில் வைக்காமல் அதற்கு அடுத்ததில் வைக்கப் பழகினார். அன்றைக்கு என்னைவிட வேகமாக ஓட்டினார். இதோ, இந்த மேடையிலேயே ஒலிபெருக்கியில் சொல்கிறேன், என்னைவிட வேகமாக ஓட்டினார். எல்லாவற்றையும் மாற்றிக்கொள் என்று விதி அவரை விட்டிருந்தால் கிரெடிட் கார்டைத் தேய்த்திருப்பார். விதி விடாததால் தன்னைத் தேய்த்துக்கொண்டார்.

ஷாக் அப்சார்பருக்கே சில ஆயிரம் டாலர் கொட்டுகிறவர்கள் ஸ்ட்ரீட் வகுப்பிலேயே இருக்கிறார்கள் என்று எதிரணி சொன்னது உண்மைதான், மறுக்கவில்லை. டயர் மட்டும் என்ன, முன்பு ஸ்டாக் வகுப்பு என்று பெயர் இருந்த காலத்தில், சீக்கிரமே தேய்ந்து போகும் பந்தய டயரைப் போட்டுக்கொண்டு ஓட்டினார்கள். அதை நிறுத்தியது யார்? இதே விதிதான். 2014-ல் ஸ்டாக் போய் ஸ்ட்ரீட் வந்தது, தெருவில் ஓடும் டயர்தான் என்றானது. இன்று ட்ரெட்வேர் எண், அதாவது டயர் எவ்வளவு தேய்மானம் தாங்கும் என்று காட்டும் எண், 200-க்குக் குறைந்த டயருக்கு அந்த வகுப்பில் இடமில்லை. பர்ஸைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள் செய்கிற வேலையா இது? பணம் ஒரு பொந்தில் நுழைந்தால் அந்தப் பொந்தை அடைக்கிறார்கள். அது அடுத்த பொந்தைத் தேடும். அதையும் அடைப்பார்கள்.

முதல் மணி அடித்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் அப்பா நாமக்கல்லில் முப்பது வருடம் வாடகைக் கார் ஓட்டியவர். அம்பாசடர். வண்டி அவருடையது இல்லை, முதலாளியுடையது. டயர் தேய்ந்திருந்தாலும் அதே டயர், ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டாலும் அதே ஸ்பிரிங். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. அந்த வண்டியில் அந்த வளைவுகளில் ஏறி இறங்கும்போது பின்சீட்டில் தூங்கும் கைக்குழந்தை எழுந்துகொள்ளாது. கோயிலுக்குப் போய்வந்தவர்கள் இறங்கும்போது என்ன சொல்வார்கள் தெரியுமா? "வண்டி அருமையான வண்டிங்க" என்பார்கள். முதலாளியிடம் போய், "உங்க வண்டி மெத்தை மாதிரி போகுதுங்க" என்பார்கள். அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். ஓட்டியவர் பெயரை ஒருவரும் கேட்டதில்லை.

அப்பா இங்கே வந்திருந்தபோது ஒரு போட்டிக்கு அழைத்துப் போனேன். லைசென்ஸைக் காட்டி, உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட வைத்தேன். வேட்டியை விட்டுப் பேன்ட் போட்டிருந்தார், நெற்றியில் திருநீறு, அதன்மேல் ஹெல்மெட். சாவியை நீட்டினேன். வாங்கவில்லை. வரிசையைப் பார்த்தார். எதிரே சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கார்கள். ஒன்றில் பின்னால் பெரிய விங்.

"ஏங்கண்ணு, எல்லாத்துக்கும் கம்பெனி வண்டிதானா? எவனாச்சும் உள்ளுக்குள்ள ஏதாச்சும் பண்ணி வெச்சிருக்கானா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா, நம்ம வரிசையில எல்லாம் கம்பெனி வண்டிதான். பண்ணினவங்களுக்குத் தனி வரிசை இருக்கு" என்றேன்.

"அப்பச் செரி. குடு சாவிய."

இடது கையில் கியர் போட்டே பழகியவர், இங்கே வலது கையில் போட வேண்டும். நல்லவேளை, இந்தப் பாதைகளில் பெரும்பாலும் இரண்டாம் கியரைப் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடலாம். முதல் ஓட்டம் மெதுவாகத்தான் போனார். கடைசி ஓட்டத்தில் ஸ்லாலத்தில், அதாவது வரிசையாக வைத்த கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் இடத்தில், கோனுக்கும் காருக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் விட்டார், ஒரு கோனையும் தொடவில்லை. எச் ஸ்ட்ரீட்டில் இரண்டு இளைஞர்கள் அவருக்குப் பின்னால்தான் வந்தார்கள். மாலையில் முடிவுகளை ஒட்டினார்கள். எங்கள் அப்பா பெயர், பெயருக்கு நேராக அவர் நேரம், ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும். முப்பது வருடம் வண்டிக்குப் போன பேர் அன்றைக்கு ஓட்டியவருக்கு வந்தது.

நடுவர் அவர்களே, தர்க்கமெல்லாம் என் தோழர்கள் பேசுவார்கள். "எல்லாத்துக்கும் கம்பெனி வண்டிதானா?" என்று அப்பா கேட்டபோது, அவர் முகத்தைப் பார்த்து "ஆமாப்பா" என்று என்னால் சொல்ல முடிந்தது. அந்த விதியை அநியாயம் என்று எழுதிவிடாதீர்கள். தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள். நன்றி, வணக்கம்.