பல் வேருக்குள் மீயொலி

நேயர்களுக்கு வணக்கம். ரூட் கெனால் என்று நாம் சொல்லும் வேர் சிகிச்சையில், ஒரே ஒரு கட்டத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். வேருக்குள் இருக்கும் குழாயை மீயொலியால், அதாவது காதுக்குக் கேட்காத அதிவேக அதிர்வால் சுத்தம் செய்கிறோமே, அது பல்லை என்ன செய்கிறது?

பல வருடங்களுக்கு முன் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், சிகிச்சையின் நடுவில் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "டாக்டர், உள்ளே இப்படி அதிருதே, பல் விரிசல் விட்டுடாதா?" என்றார். "ஒன்றும் ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அன்று மாலையே அந்தப் பதில் போதாது என்று உறுத்தியது. அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. இன்றுவரை என் மாணவர்களிடம் அதையேதான் கேட்கிறேன்.

வாய் குறுகிய பாட்டில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் கறை, பிரஷ் உள்ளே போகாது. சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்குவோம், இல்லையா? வேர்க் குழாயும் அப்படித்தான். நேரான குழாய் அல்ல, கிளைகளும் இடுக்குகளும் உண்டு. ஃபைல் என்ற மெல்லிய அரத்தால் எவ்வளவு தேய்த்தாலும் சுவரில் மூன்றில் ஒரு பங்காவது தொடப்படாமல் நின்றுவிடும். அங்கே போக வேண்டியது மருந்து நீர். வினாடிக்கு 25,000 முறைக்கு மேல் அதிரும் மெல்லிய முனை அந்த நீரைச் சுழலவைத்து இடுக்குகளுக்குள் தள்ளுகிறது.

1957-இல் ரிச்மன் என்பவர் இந்தக் கருவியை வேருக்குள் கொண்டுவந்தபோது நோக்கமே வேறு. சுவரைச் செதுக்கத்தான் அது வந்தது. ஆனால் எவ்வளவு செதுக்குகிறது, எந்தப் பக்கம் செதுக்குகிறது என்பது கைக்குள் நிற்கவில்லை. வளைந்த வேரின் சுவரில் படிபோல் வெட்டு விழுந்தது. அப்புறம்தான் முனை சுவரைத் தொடாமல் நீர் மட்டும் அதிரட்டும் என்ற முறை வந்தது. திரும்பவும் சொல்கிறேன், முனை சுவரைத் தொடக் கூடாது. தொட்டால் டென்டின், அதாவது பல்லின் உள் சுவராக இருக்கும் கடினப் பகுதி தேயும், போன டென்டின் திரும்பி வராது.

மருந்துக்கும் பங்கு உண்டு. சோடியம் ஹைப்போகுளோரைட் டென்டினில் உள்ள புரதத்தைக் கரைக்கும், ஈடிடிஏ என்ற இன்னொரு மருந்து நீர் சுண்ணாம்புச் சத்தை எடுக்கும். அதிக நேரம் விட்டால் சுவரின் மேற்பரப்பு மென்மையாகும். அதனால்தான் மணிக்கணக்கில் அதிரவிடுவதில்லை. 20 வினாடி, புது மருந்து, மறுபடி 20 வினாடி என்று மூன்று முறை செய்வோம். உடைந்த ஃபைலையோ, வேருக்குள் ஊன்றிய பழைய போஸ்ட் என்ற கம்பியையோ மீயொலியால் எடுக்கும்போது நீர் இல்லாமல் ஓட்டினால் சூடு வேரைத் தாண்டி எலும்புக்குப் போகும். 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு பாதிக்கப்படும்.

சரி, விரிசல்? பிடுங்கிய பற்களில் செய்த சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. உலர்ந்த பல் தானாகவே விரிசல் விடும் என்பதையும் அங்கே கணக்கில் எடுக்க வேண்டும்.

பல்லின் மேல் மூடிபோல் மாட்டும் கேப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1989-இல் முன்கடைவாய்ப் பற்களில் அளந்து பார்த்தார்கள். வேர் சிகிச்சையால் பல்லின் விறைப்பு, அதாவது அழுத்தத்தில் வளையாமல் நிற்கும் தன்மை, 5 சதவீதம்தான் குறைந்தது. மேலே இரு பக்கச் சுவரும் போகும்படி குழி வெட்டியபோது 63 சதவீதம் குறைந்தது. அதனால் வேர் சிகிச்சை முடிந்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போடச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். வணக்கம்.