வன்முறை அபாயத்தை எப்படி மதிப்பிடுவது?

நேயர்களுக்கு வணக்கம். குற்றம் புரிந்தபின் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் ஒருவரை வெளியே அனுப்பலாமா என்று முடிவெடுக்கும் வேளையில், மனநல மருத்துவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, 'இவர் ஆபத்தானவரா?' என்பதுதான். அதற்கு ஒற்றைச் சொல்லில் விடை தருவது எவ்வளவு பிழையானது என்பதை அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கு வெளிப்படுத்தியது.

ஜானி பாக்ஸ்ட்ரம் என்ற கைதி, தண்டனைக் காலம் முடிந்த பிறகும், டேனமோராவில் மனநோயுற்ற குற்றவாளிகளுக்கென இருந்த காவல் மருத்துவமனையிலேயே அடைக்கப்பட்டிருந்தார். பிற குடிமக்களுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பை அவருக்கு மறுத்தது செல்லாது என்று 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையடுத்து, அவரைப் போன்ற நிலையில் இருந்த 967 பேர் சாதாரண மனநல மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டார்கள். அங்கிருந்த ஊழியர்கள் அஞ்சினார்கள். ஆனால், ஸ்டெட்மன், கோகோசா ஆகிய ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்ததில், நான்காண்டுகளில் காவல் மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நூற்றுக்கு மூவருக்கும் குறைவாகவே இருந்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் யாரையேனும் தாக்கினார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தவறாக விடுவிக்கப்பட்டவர் செய்யும் குற்றம் செய்தியாகிறது. தவறாக அடைக்கப்பட்டவருக்கோ, தாம் யாருக்கும் தீங்கு செய்திருக்கமாட்டார் என்று மெய்ப்பிக்க வாய்ப்பே கிடைப்பதில்லை. இந்த இரண்டாவது பிழை கண்ணுக்குத் தெரியாமலே நீடிப்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

கனடாவில் 1990களில் உருவான எச்.சி.ஆர்.-20 என்ற மதிப்பீட்டு முறை, கடந்தகால வரலாறு பற்றிப் பத்து, இன்றைய மனநிலை பற்றி ஐந்து, இனி வாழப்போகும் சூழல் பற்றி ஐந்து என இருபது கூறுகளை ஆராயச் சொல்கிறது. வரலாற்றை மாற்ற முடியாது. மற்றவற்றில் பலவற்றை மாற்ற முடியும். மாற்றக்கூடியவற்றுள் இன்றைய குடியும் போதைப்பொருள் பழக்கமும் முதன்மையானவை. மனநோயாளிகளின் வன்முறை பற்றி அமெரிக்காவில் நடந்த மக்ஆர்தர் ஆய்வில், பிட்ஸ்பர்க் நகரில் மருத்துவமனையிலிருந்து வெளியேறியவர்களுள் அவ்விரண்டும் இல்லாதவர்கள், அதே பகுதியில் அவை இல்லாமல் வாழ்ந்த மற்றவர்களைவிடக் கூடுதலாக வன்முறையில் ஈடுபடவில்லை.

ஆகவே, 'ஆபத்தானவர்' என்று எழுதி முடிக்கும் அறிக்கையை நான் ஏற்பதில்லை. 'மருந்தை நிறுத்தி, மீண்டும் குடிக்கத் தொடங்கி, முன்பு தம்மால் தாக்கப்பட்ட அண்ணனுடன் ஒரே வீட்டில் இருந்தால், அவரை மறுபடியும் தாக்கக்கூடும். தனி இருப்பிடமும் வாரந்தோறும் செவிலியர் வருகையும் இருந்தால் அந்த அபாயம் குறையும்' என்று எழுதினால், நீதிபதியும் குடும்பத்தாரும் செய்யக்கூடியது ஏதேனும் இருக்கிறது. அவருடைய நிலை மாறிக்கொண்டே இருக்குமாதலால், மதிப்பீட்டை எப்போது மீண்டும் செய்ய வேண்டும் என்ற தேதியும் அதே அறிக்கையில் இடம்பெற வேண்டும்.